காயம்பட்டவரின் இடத்தை அடுத்த ஆண்டுக்கு மாற்றிக் கொடுங்கள்: மராத்தான் நடத்துகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மராத்தான் நடத்தும் எல்லோருக்கும் வணக்கம்.

42.195 கிலோமீட்டருக்குச் சாலையை அடைத்து, தண்ணீர் வைத்து, ஆம்புலன்ஸ் நிறுத்தி, விடியற்காலையில் எங்களுக்கு முன்னால் வந்து நிற்கிற உங்கள் மேல் எனக்கு நிறைய மரியாதை உண்டு. அதனால்தான் மனதுக்குள் புலம்பிக்கொண்டிருக்காமல் நேராக எழுதுகிறேன். இரண்டு வாரத்துக்கு முன்பு என் முதல் மராத்தானை ஓடி முடித்தேன். 6 மணி 24 நிமிடம். அந்த நேரத்தைச் சந்தோஷமாகச் சொல்கிறேன், ஏனென்றால் போன ஆண்டு இதே நாட்களில் நான் ஊன்றுகோலோடு நடந்துகொண்டிருந்தேன்.

போன ஆண்டு வேறொரு மராத்தானுக்குப் பதிவு செய்து பணமும் கட்டியிருந்தேன். ஓட்டத்துக்கு ஐந்து வாரம் இருக்கும்போது இடது கீழ்க்கால் எலும்பில் வலி. தசைவலி என்றால் கால் முழுக்கப் பரவும், கொஞ்சம் ஓடியதும் இளகிவிடும். இது ஒரு விரல் நுனியை வைத்து இங்கேதான் என்று காட்டக்கூடிய வலி. ஓட ஓடக் கூடியது, கடைசியில் ராத்திரி படுத்திருக்கும்போதும் இருந்தது. எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை. ஸ்ட்ரெஸ் ஃபிராக்சர், அதாவது திரும்பத் திரும்ப விழும் பளுவால் எலும்பில் வரும் மெல்லிய விரிசல், முதல் சில வாரங்களில் எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது என்பதால் எம்ஆர்ஐ எடுக்கச் சொன்னார் டாக்டர், நான்தான் பயந்துகொண்டு நாள் தள்ளினேன். அந்த வாரம் ஓட்டம் நடத்துகிறவர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். காலில் காயம், டாக்டர் சீட்டு அனுப்புகிறேன், பணத்தைத் திருப்பித் தர வேண்டாம், என் இடத்தை மட்டும் அடுத்த ஆண்டுக்கு மாற்றித் தர முடியுமா என்று கேட்டேன். மறுநாள் ஒரே வரியில் பதில் வந்தது: பணம் திரும்பாது, பெயர் மாறாது, ஆண்டு மாறாது.

அந்த ஒரு வரி ஓடுகிறவர் மனதில் என்ன செய்யும் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். ஆறு மாதம் விடியற்காலை எழுந்திருக்கிறேன், எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன், பணமும் போகிறது. சரி, ஓடித்தான் பார்ப்போமே என்று தோன்றிவிட்டது. வலி மாத்திரை போட்டுக்கொண்டு பயிற்சியில் வரும் 30 கிலோமீட்டர் நீண்ட ஓட்டத்துக்குக் கிளம்பினேன். 22ஆவது கிலோமீட்டரில் இடது காலை ஊன்ற முடியவில்லை. எம்ஆர்ஐயில் விரிசல் தெளிவாகத் தெரிந்தது. அன்றைக்கு ஓடியது என் முடிவு, அதை உங்கள் தலையில் கட்டவில்லை. ஆனால் இடம் பத்திரமாக இருக்கிறது என்று தெரிந்திருந்தால் நான் ஓடியிருக்க மாட்டேன், அதை உறுதியாகச் சொல்வேன். என்னைப் போல மாத்திரையோடு ஸ்டார்ட் லைனில் வந்து நிற்கிறவர்கள் எல்லா ஓட்டத்திலும் இருக்கிறார்கள். இப்யூபுரோஃபென் வகை மாத்திரைகள் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தைக் குறைக்கக்கூடியவை. உடம்பில் நீர் வற்றி நான்கைந்து மணி நேரம் ஓடுகிறவருக்கு அது கூடுதல் ஆபத்து.

முதல் மராத்தானுக்குத் தயாராகிறவர்களுக்கு இந்தக் காயம் ஏன் அடிக்கடி வருகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். இதயமும் நுரையீரலும் சில வாரங்களிலேயே தேறிவிடும், மூச்சு வாங்காது, இன்னும் ஓடலாம் என்று தோன்றும். எலும்பு அப்படியில்லை. பளு கூடும்போது அது முதலில் பழைய பகுதியைக் கரைத்துவிட்டு அப்புறம்தான் புதிதாகக் கட்டும், கட்டி முடிக்க மாதக்கணக்கில் ஆகும், அந்த இடைவெளியில் முன்பைவிடப் பலவீனமாக இருக்கும். அந்த நேரம் பார்த்து நாம் தூரத்தைக் கூட்டிக்கொண்டே போகிறோம். உங்கள் பயிற்சி அட்டவணைகள் பெரும்பாலும் 16 வாரம், 18 வாரம் என்று இருக்கின்றன, அதில் ஒரு மாதம் உட்கார்ந்துவிட்டால் திரும்பிச் சேர வழி கிடையாது. அடுத்த ஆண்டு ஒன்றுதான் வழி, அதைத்தான் உங்கள் விதி மூடுகிறது.

விரிசல் தெரிந்த பிறகு ஆறு வாரம் காலை அசையாமல் பிடிக்கும் பூட், ஊன்றுகோல். அப்புறம் நடை. வலியில்லாமல் முப்பது நிமிடம் நடந்தால்தான் அடுத்த படி என்றார் பிசியோ. ஒற்றைக் காலில் குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குவது, இடுப்பில் மிதவை கட்டிக்கொண்டு நீச்சல் குளத்தின் ஆழப் பகுதியில் ஓடுவது, பிறகு ஒற்றைக் காலில் குதித்துப் பார்ப்பது. குதிக்கச் சொன்ன அன்று கால் தயாராக இருந்தது, நான் தயாராக இல்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றேன், அவர் அவசரப்படுத்தவே இல்லை. அதன் பிறகு ஒரு நிமிடம் ஓட்டம், நான்கு நிமிடம் நடை, ஒருநாள் விட்டு ஒருநாள். அந்த முதல் ஒரு நிமிடத்தில் அழுதுவிட்டேன். ஓடும்போது வலிக்கிறதா என்பதைவிட மறுநாள் காலையில் அந்த இடத்தை அழுத்தினால் வலிக்கிறதா என்பதுதான் கணக்கு, தினமும் எழுதி வைத்தேன், எட்டு மாதக் குறிப்பு இருக்கிறது. இந்த முறை பதிவுக் கட்டணத்தைக் கடைசி வாரம் வரைக்கும் கட்டவில்லை, கூடுதல் கட்டணம் ஆனாலும் பரவாயில்லை என்று விட்டுவிட்டேன். பணம் கட்டிவிட்டால் மறுபடி காலின் பேச்சைக் கேட்க மாட்டேன் என்ற பயம்.

இந்த இடத்தில் ஜோன் பெனாய்ட் பற்றி ஒரு வார்த்தை. 1984இல் முழங்காலில் அறுவை சிகிச்சை செய்து 17ஆவது நாளில் அமெரிக்க ஒலிம்பிக் தேர்வு மராத்தானில் ஜெயித்தவர், அதே ஆண்டு லாஸ் ஏஞ்சலஸில் பெண்களுக்கான முதல் ஒலிம்பிக் மராத்தானிலும் தங்கம் வாங்கியவர். எவ்வளவு பெரிய சாதனை என்று எனக்குத் தெரியும். ஆனால் நான் கால் உடைந்து கிடந்தபோது ஆறு பேராவது எனக்கு அந்தக் கதையை அனுப்பினார்கள். அவர் அதற்கு முன்பே உலகச் சாதனை நேரத்தில் மராத்தான் ஓடியிருந்தவர், அவருக்கு வந்தது எலும்பு விரிசலும் இல்லை. முதல் முறை ஓடப் போகிறவரிடம் அந்தக் கதையைச் சொல்லாதீர்கள். உங்கள் விளம்பரங்களில் வலியைத் தாண்டு என்று எழுதுகிற பழக்கத்தையும் விட்டுவிடுங்கள், தயவுசெய்து.

நான் கேட்பது நடக்காத விஷயம் இல்லை. நியூயார்க் மராத்தானில் பதிவு செய்தவர் குறித்த தேதிக்குள் விலகிக்கொண்டால் பெரும்பாலும் அடுத்த ஆண்டு இடம் உறுதி, கட்டணத்தை மட்டும் மறுபடி கட்ட வேண்டும். டி-ஷர்ட்டும் மெடலும் முன்பே ஆர்டர் செய்தாகிவிட்டது, செலவு ஆகிவிட்டது என்று நீங்கள் சொல்வது நியாயம்தான். அதனால் பணத்தை வைத்துக்கொள்ளுங்கள். மாற்றித் தருவதற்குத் தனியாக ஒரு தொகை வாங்குங்கள், டாக்டர் சீட்டு கேளுங்கள், ஓட்டத்துக்கு இரண்டு வாரம் முன்பு கடைசித் தேதி வையுங்கள். இடத்தை மட்டும் பறிக்காதீர்கள்.

இன்னொன்றும் கேட்க வேண்டும், கட்ஆஃப் பற்றி, அதாவது ஓடி முடிக்க நீங்கள் வைக்கிற கடைசி நேரம் பற்றி. நான் ஓடி முடித்த மராத்தானுக்கு 7 மணி நேரம் என்று அறிவித்திருந்தார்கள். அதை நம்பித்தான் நானும் பிசியோவும் நான்கு நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை என்று திட்டமே போட்டோம். 38ஆவது கிலோமீட்டரை 5 மணி 46 நிமிடத்தில் தொட்டேன். சரியாக 7 மணி நேரத்தில் முடிக்கிற ஒருவர் அங்கே 6 மணி 18 நிமிடம் வாக்கில் வருவார், அதாவது என்னை விட அரை மணி நேரம் பின்னால். ஆனால் தண்ணீர் மேசையை மடித்து வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள், மருத்துவக் கூடாரத்தில் ஆளே இல்லை. நடைபாதை ஓரத்தில் ஒருவர் கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒரு தன்னார்வலர் தன் சொந்த பாட்டிலை எங்கள் இரண்டு பேருக்கும் கொடுத்தார், அந்தத் தம்பிக்கு இன்னும் நன்றி சொல்லவில்லை.

மெதுவாக ஓடுகிறவர்களுக்குத்தான் மருத்துவர் அதிகம் தேவை. 2002 பாஸ்டன் மராத்தானில் 488 பேரின் ரத்தத்தைச் சோதித்தபோது 13 சதவீதம் பேருக்கு சோடியம் என்கிற உப்புச்சத்து இயல்பைவிடக் குறைந்திருந்தது, அவர்களில் சிலருக்கு ஆபத்தான அளவுக்கு. அளவுக்கு மீறித் தண்ணீர் குடித்து எடை கூடியவர்களுக்கும், 4 மணி நேரத்துக்கு மேல் ஓடியவர்களுக்கும்தான் அது அதிகம். அப்படியென்றால் கடைசியாகக் கிளம்ப வேண்டிய கூடாரம் மருத்துவக் கூடாரம். ஹொனலூலு மராத்தானில் கட்ஆஃப் நேரமே கிடையாது. அந்த அளவுக்கு நான் கேட்கவில்லை, சாலையை எவ்வளவு நேரம் அடைக்க முடியும் என்பது உங்கள் கையில் மட்டும் இல்லை. 5 மணி நேரம்தான் முடியும் என்றால் 5 என்றே போடுங்கள், நான் வேறு ஓட்டம் பார்த்துக்கொள்வேன். 7 என்று போட்டால் 7 வரைக்கும் தண்ணீரும் டாக்டரும் இருக்கட்டும்.

நான் போய்ச் சேர்ந்தபோது ஃபினிஷ் வளைவு அப்படியே நின்றிருந்தது, பாட்டு நின்றுபோயிருந்தது. ஒரு அம்மா மட்டும் கை நிறைய மெடல்களோடு நின்றுகொண்டிருந்தார். என் கழுத்தில் ஒன்றைப் போட்டுவிட்டு, பின்னால் இன்னும் எத்தனை பேர் வருகிறார்கள் என்று கேட்டார். கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டிருந்தவரைப் பற்றிச் சொன்னேன். அவர் வரும்வரை நான் போக மாட்டேன் என்றார். நானும் அவரோடு நின்றேன். 6 மணி 51 நிமிடத்தில் அவர் வந்தார்.

அடுத்த பதிவைத் திறக்கும் முன்பு விதிமுறைகளில் அந்த ஒரு வரியை மாற்றி எழுதுங்கள். என் எட்டு மாதக் குறிப்பு, டாக்டர் சீட்டு, உங்களில் ஒருவர் அனுப்பிய அந்தப் பதில், எல்லாம் என்னிடம் இருக்கிறது. பேச வேண்டும் என்றால் கூப்பிடுங்கள், வருகிறேன்.

அன்புடன்,
உங்கள் ஓட்டங்களில் கடைசி ஆட்களோடு வருகிற ஒருத்தி