ஊட்டியில் உங்கள் ஓட்டலில் தங்கியது பற்றிய புகார்

அனுப்புநர்:
உங்கள் பழைய வாடிக்கையாளர்,
கோயம்புத்தூர்.

பெறுநர்:
பொது மேலாளர் அவர்கள்,
உதகமண்டலம்.

பொருள்: உறுதி செய்த அறையைத் தராதது, சேவைக் குறைபாடு, பில்லில் கூடுதலாகப் பிடித்த தொகையைத் திருப்பிக் கேட்டல்.

ஐயா, வணக்கம்.

பொங்கல் விடுமுறை முடிந்த கையோடு நானும் என் கணவரும் மாமியாரும் ஊட்டிக்கு வந்து உங்கள் ஓட்டலில் தங்கினோம். நடந்ததையெல்லாம் கிளம்பும்போதே வரவேற்பறையில் சொல்லிவிட்டுத்தான் வந்தேன். "ஃபீட்பேக் லிங்க் அனுப்புறோம் மேம்" என்றார்கள். திறந்து பார்த்தால் ஒன்று முதல் ஐந்து வரை நட்சத்திரம் கேட்கிறது, எழுத இடம் இல்லை. அதனால்தான் இந்தக் கடிதம். பில் நகலையும் உங்கள் முன்பதிவுப் பிரிவு அனுப்பிய மின்னஞ்சலையும் இணைத்திருக்கிறேன்.

உங்கள் ஓட்டல் எங்களுக்குப் புதிதல்ல. கல்யாணமான புதிதில் மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ரயிலில் வந்து இறங்கி அங்கேதான் தங்கினோம். அப்புறம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மலர்க் கண்காட்சிக்கு வந்தபோதும் அங்கேதான். எங்கள் வீட்டில் ஊட்டி என்றாலே உங்கள் ஓட்டல் என்றுதான் அர்த்தம். ஆன்லைனில் படத்தைப் பார்த்து ஏமாந்த யாரோ எழுதுகிறார் என்று இதை ஒதுக்கிவிட வேண்டாம்.

மாமியாருக்கு எண்பது தாண்டிவிட்டது, முட்டி வலி வேறு. வெள்ளைக்காரர் காலத்துக் கட்டடம், லிஃப்ட் கிடையாது என்பது எங்களுக்குத் தெரிந்ததுதான். அதனால் முன்பதிவின்போதே கீழ்த்தளத்தில் அறை கேட்டோம். தருகிறோம் என்று நீங்களும் எழுத்தில் பதில் அனுப்பினீர்கள். வந்து நின்றால் மாடியில் அறை. மின்னஞ்சலைக் காட்டினேன். "சிஸ்டத்துல அப்படி எதுவும் காட்டலையே மேம்" என்றார் கவுண்டரில் இருந்த பையன். கீழ்த்தளம் மொத்தத்தையும் ஏதோ கம்பெனி கூட்டத்துக்குக் கொடுத்தாகிவிட்டதாம். என் கணவர் ஒரு பக்கமும் எங்கள் டிரைவர் ஒரு பக்கமும் பிடித்து மாமியாரை மரப்படியில் ஏற்றினார்கள். உங்கள் ஆட்கள் சாவியைக் கொடுத்ததோடு சரி. மறுபடி இறங்கப் பயந்துகொண்டு அவர் சாப்பாட்டை அறையிலேயே முடித்துக்கொண்டார். அதற்கு ரூம் சர்வீஸ் கட்டணம் என்று தனியாகப் பிடித்திருக்கிறீர்கள்.

அடுத்தது குளிர். ஜனவரியில் ஊட்டியில் உறைபனி விழும் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. முன்பெல்லாம் சாயங்காலம் ஆனால் ஒரு பெரியவர் கூடையில் விறகோடு கதவைத் தட்டுவார். கணப்பில் சுள்ளியை அடுக்கி, அதன்மேல் கட்டைகளைச் சாய்த்து வைத்து, ஒரே தீக்குச்சியில் பற்றவைத்துவிட்டுப் போவார். நாங்கள் சாப்பிட்டுத் திரும்புவதற்குள் போர்வைக்கு அடியில் வெந்நீர்ப் பை இருக்கும். யாரும் கேட்டதில்லை, யாரும் அதற்குப் பில் போட்டதுமில்லை.

இந்த முறை அந்தக் கணப்புக்குள் பிளாஸ்டிக் பூச்சாடி வைத்திருந்தீர்கள். விறகு, புகை, தீ விபத்து என்று காரணம் இருக்கலாம், அதை நான் குறை சொல்லவில்லை. அதற்குப் பதில் என்ன ஏற்பாடு? வாட்ஸ்அப்பில் கேட்டால் ஹீட்டர் வாடகைக்கு உண்டு என்று பதில் வந்தது. இந்தக் குளிரில் ஹீட்டருக்குத் தனி வாடகை! சரி, கொண்டுவாருங்கள் என்றோம். வெகுநேரம் கழித்து வந்த எண்ணெய் ஹீட்டரின் பிளக் பெரிய பின் கொண்டது. கட்டில் பக்கத்தில் இருந்ததோ சின்ன சாக்கெட். அறையிலேயே பெரிய சாக்கெட் ஒன்றுதான் உண்டு, அது குளியலறையில், கீசருக்கு. கொண்டுவந்த பையன் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு ஹீட்டரைக் குளியலறை வாசலில் நிறுத்தினார். "கதவைத் திறந்து வெச்சுக்கங்க மேம், சூடு உள்ள வரும்" என்றார். அன்று ராத்திரி எங்கள் வீட்டு டவல்கள் நன்றாகக் காய்ந்தன. மாமியார் ஸ்வெட்டர், மஃப்ளர், இரண்டு போர்வை சகிதம் தூங்காமல் கிடந்தார். எக்ஸ்டென்ஷன் வயர் கேட்டு அனுப்பிய செய்திக்கு "உங்கள் கோரிக்கை பதிவு செய்யப்பட்டது" என்று உடனே பதில் வந்தது. வயர் வரவே இல்லை.

சாப்பாட்டைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. பொங்கல் ஆறிப்போய் இருந்தது, டீ என்றால் டீ பேக்கும் பால்பவுடரும். நீலகிரியில் உட்கார்ந்துகொண்டு டீ பேக்! கேத்தி பாலாடாவிலிருந்து கேரட் மூட்டை மூட்டையாக லாரி ஏறும் மலையில், உங்கள் குருமாவில் மிதந்தது உறைய வைத்த பாக்கெட் காய்கறி. சதுரம் சதுரமாக ஒரே அளவில் இருந்ததைப் பார்த்தாலே தெரிந்தது.

லாபியில் புதுச் சரவிளக்கு, பின்பக்கம் ஸ்பா, எல்லாம் பார்த்தேன். நன்றாகத்தான் இருக்கிறது, பணம் போட்டிருக்கிறீர்கள். ஆனால் அந்தப் பெரியவர் எங்கே, சாப்பாட்டுக் கூடத்தில் எங்கள் பிள்ளைகளுக்கு என்ன பிடிக்கும் என்று நினைவில் வைத்திருந்தவர்கள் எங்கே? தோட்டத்தில் வேலை செய்துகொண்டிருந்தவரிடம் விசாரித்தேன். "பழைய ஆளுங்க எல்லாம் போயிட்டாங்கம்மா. இப்ப எல்லாம் காண்ட்ராக்ட்டுதான்" என்றார். அப்போதுதான் விஷயம் விளங்கியது. இப்போது இருக்கும் பிள்ளைகள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியவர்களை அனுப்பிவிட்டு, கையில் ஒரு டேப்லெட்டைக் கொடுத்து நிறுத்தியது நீங்கள். கிளம்பும்போது ஒரு பெண் தயங்கித் தயங்கி வந்து, "என் பேரைப் போட்டு கூகுள்ல அஞ்சு ஸ்டார் குடுத்தீங்கன்னா எனக்கு இன்சென்டிவ் வரும் மேம்" என்றாள். மாமியாருக்கு வெந்நீர் கொண்டுவந்து கொடுத்தவள் அவள் ஒருத்திதான். அவள் பெயரைப் போட்டு ஐந்தும் கொடுத்தேன். அதை உங்கள் ஓட்டலுக்குக் கிடைத்த ஐந்தாகக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இனி பில். இரவுக்கு 7,500 ரூபாய்க்கு மேலான அறைக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி, அதைப் பேசாமல் கட்டிவிட்டோம். ஆனால் சாப்பாட்டுப் பில்லில் "பணியாளர் நல நிதி" என்று 10 சதவீதம் சேர்த்து, அந்த மொத்தத்துக்கும் ஜிஎஸ்டி போட்டிருக்கிறீர்கள். ஓட்டல்களும் உணவகங்களும் சேவைக் கட்டணத்தைத் தாமாகப் பில்லில் சேர்க்கக் கூடாது, வேறு பெயரிலும் வசூலிக்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையிலேயே வழிகாட்டு நெறிமுறை வெளியிட்டது. டெல்லி உயர் நீதிமன்றமும் 2025 மார்ச்சில் அதை உறுதி செய்துவிட்டது. கேஷியரிடம் சொன்னபோது, "எல்லாருமே கட்றாங்க மேம், சாஃப்ட்வேர் தானா போட்டுடுது" என்றார். அந்த நிதியில் உங்கள் பணியாளர்களுக்கு எவ்வளவு போகிறது என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை.

நான் கேட்பது இவ்வளவுதான். பணியாளர் நல நிதியையும் அதன்மேல் போட்ட ஜிஎஸ்டியையும் திருப்பித் தர வேண்டும். ஹீட்டர் வாடகையும் ரூம் சர்வீஸ் கட்டணமும் அப்படியே. உறுதி செய்த கீழ்த்தள அறையை ஏன் வேறு ஆட்களுக்குக் கொடுத்தீர்கள் என்பதற்கு எழுத்தில் பதில் வேண்டும். அடுத்த முறை வாருங்கள், இலவசமாக மேம்பட்ட அறை தருகிறோம் என்ற கூப்பன் எதுவும் வேண்டாம்.

பதினைந்து நாளுக்குள் பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவேன். அதிலும் தீராவிட்டால் கோவை மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். வசிக்கும் ஊரிலேயே வழக்குத் தொடர 2019ஆம் ஆண்டுச் சட்டத்தில் வழி இருக்கிறது, அதற்காக நான் மலையேறி வர வேண்டியதில்லை. பில்லில் உள்ள என் கைபேசி எண்ணில் மாலை ஆறு மணிக்கு மேல் பேசலாம். வாட்ஸ்அப் ரோபோவை விட்டுப் பேச வைக்காமல், நீங்களே பேசினால் நல்லது.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள வாடிக்கையாளர்

இணைப்பு: பில் நகல், அறை உறுதி செய்த மின்னஞ்சல் நகல், ஹீட்டர் நிறுத்தப்பட்ட இடத்தின் புகைப்படம்.