மருத்துவக் குழுவின் முடிவை எதிர்த்து மேல்முறையீட்டு மனு

நாள்: 12.06.2023

அனுப்புநர்: நூற்பாலைத் தொழிலாளி, கார்டிங் (பஞ்சு சீவும்) பிரிவு (இ.எஸ்.ஐ. எண் இணைப்பில்)

பெறுநர்: இயக்குநர் அவர்கள், இ.எஸ்.ஐ. துணை மண்டல அலுவலகம்

பொருள்: பிஸினோஸிஸ் என்ற நுரையீரல் நோய்க்கு நிரந்தர ஊனப் பலன் மறுக்கப்பட்டது – மருத்துவ மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்கு அனுப்பக் கோருதல்

ஐயா,

வணக்கம். 19 வருடமாக மில் வேலை. முதல் 4 வருடம் புளோரூம் (பஞ்சைப் பிரித்துச் சுத்தம் செய்யும் இடம்), அப்புறம் கார்டிங். மில்லிலேயே பஞ்சுத் தூசி அதிகம் பறப்பது இந்த இரண்டு இடத்தில்தான். போன மாதம் பரிசோதித்த மருத்துவக் குழுவோ "மில் வேலை" என்று மட்டும் எழுதிக்கொண்டது. எந்தப் பிரிவு என்று கேட்கவில்லை. எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை, பீடியால் வந்த இருமல், தொழில்நோய் இல்லை என்று முடித்துவிட்டார்கள்.

பீடி பிடித்தது உண்மை, 2019-ல் விட்டேன். ஆனால் பீடியை ஞாயிற்றுக்கிழமையும்தான் பிடித்தேன். நெஞ்சு அடைத்தது திங்கட்கிழமை. வார லீவு முடிந்து ஷிப்டுக்குப் போன சில மணி நேரத்தில் நெஞ்சைக் கயிறு போட்டு இறுக்கியதுபோல இருக்கும். செவ்வாய்க்கிழமை கொஞ்சம் தேவலை. பஞ்சுத் தூசியால் வரும் பிஸினோஸிஸ் தொடங்குவதே இப்படித்தான். பழைய டிஸ்பென்சரி சீட்டுகளை என் மனைவி காலண்டரோடு ஒப்பிட்டு எண்ணினாள்: 23 சீட்டில் 17 திங்கட்கிழமை. எல்லா நாளும் திணறுவது கடைசி இரண்டு வருடமாகத்தான். அந்தச் சீட்டுகளைக் குழு புரட்டிக்கூடப் பார்க்கவில்லை.

கல்தூசியால் வரும் சிலிகோசிஸுக்கு எக்ஸ்ரேயில் தனி அடையாளம் உண்டு, இந்த நோய்க்கு அப்படி எதுவும் கிடையாது. எனவே எக்ஸ்ரே சுத்தமாக இருப்பதால் நோயில்லை என்று ஆகாது. ஊதிப் பார்க்கும் சோதனையும் நான் 3 வாரம் லீவில் இருந்தபோது, ஒரே ஒரு தடவைதான் நடந்தது. தூசிப் பக்கமே போகாதவனின் மூச்சை அளந்தால் தூசி செய்த வேலை எப்படித் தெரியும்?

இ.எஸ்.ஐ. சட்டத்தின் மூன்றாம் அட்டவணை 'சி' பகுதியில் இந்த நோய் இருக்கிறது. நிர்ணயித்த காலம் வேலை பார்த்தவருக்கு இது வந்தால், மாறாக நிரூபிக்கப்படாதவரை வேலையால் வந்ததாகவே கொள்ள வேண்டும் என்கிறது 52ஏ பிரிவு. பீடி என்ற ஒரு சொல் நிரூபணம் ஆகாது.

ஆகவே 54ஏ பிரிவின்படி என் வழக்கைத் தீர்ப்பாயத்துக்கு அனுப்புங்கள். லீவு முடிந்த முதல் நாளில், ஷிப்டுக்கு முன்னும் பின்னும் ஊதும் சோதனை எடுக்கவும், எந்தெந்தப் பிரிவில் எத்தனை வருடம் இருந்தேன் என்ற பதிவேட்டை மில்லிடமிருந்து வரவழைக்கவும் உத்தரவிட வேண்டுகிறேன். டாக்டர் பக்கத்தில் இருந்தால் அன்று ஒரு ஷிப்டு கார்டிங்கில் நிற்க நான் தயார்.

23 சீட்டுகளின் நகலும் குழுவின் முடிவுக் கடிதமும் இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
மனுதாரர்