பாலத்தை மூடிய நுரை

ஓசூர்

அன்புள்ள மாப்ளே,

இங்கே எல்லோரும் சௌக்கியம். உன் சின்னவள் பிளஸ் டூ பாஸ் என்று கேட்டதிலிருந்து அம்மா தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

போன வாரம் மேலே நல்ல மழை. தென்பெண்ணையின் கெலவரப்பள்ளி அணையில் ஷட்டரைத் தூக்கினார்கள். மறுநாள் காலையில் போனால் தரைப்பாலமே தெரியவில்லை, ஆள் உயரத்துக்கு வெள்ளை நுரை. காற்றடிக்க அடிக்கப் பஞ்சாகப் பிய்ந்து வந்து கரையோரக் கொத்தமல்லிப் பாத்தியில் விழுகிறது. ஒரு கொத்தைப் பிடுங்கிப் பார்த்தேன். இலையில் சோப்புத் தூள் காய்ந்த மாதிரி கறை, விரலில் சாக்கடை நாற்றம். இதே ஆற்றில்தான் கையால் அள்ளிக் குடித்தோம், ஞாபகம் இருக்கிறதா?

உங்கள் பெங்களூரின் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகள் நிரம்பி வழிவது தென்பெண்ணைக்குத்தான் வருகிறது. துணி துவைத்த, பாத்திரம் கழுவிய சோப்பு அதில் அப்படியே இருக்கிறது. தேங்கி நிற்கும்வரை தெரியாது, ஷட்டரிலிருந்து விழுந்து அடிபடும்போது பொங்கிவிடுகிறது. 2017-ல் பெல்லந்தூர் ஏரி தீப்பிடித்தபோது பதறிப்போய் போன் பண்ணினாயே, அந்தத் தண்ணீர்தான். பசுமைத் தீர்ப்பாயம் தலையிட்டது, ஏரியில் தூர் வாரினார்கள். நுரை மட்டும் நிற்கவில்லை.

பென்னாகரத்தில் என் மாமியார் வீட்டு போர் தண்ணீரில் பல்லையும் எலும்பையும் கெடுக்கிற ஃபுளோரைடு உப்பு. பாறையிலிருந்து இறங்குவது, யாரைக் குறை சொல்வது? அதற்கே 2013-ல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்து ஒரு வழி பிறந்தது. இது மனிதர்கள் கலப்பது. இதற்கு வழியில்லை என்றால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

எங்கள் தெருச் சாக்கடையும் எங்கள் ஊர் ஏரிக்குத்தான் போய்க்கொண்டிருந்தது. இப்போது வீட்டுக்கு வீடு உறிஞ்சுகுழி தோண்டுகிறோம். பாதித் தெரு முடிந்தது.

சரி, உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். உங்கள் அபார்ட்மென்ட் எஸ்.டி.பி.யில், அதாவது கழிவுநீரைச் சுத்தம் செய்கிற தொட்டியில், கரண்ட் பில்லுக்குப் பயந்து ராத்திரி காற்று ஊதும் புளோயரை நிறுத்திவிடுகிறார்கள் என்றாயே. காற்று இல்லாவிட்டால் கழிவைத் தின்கிற பாக்டீரியா செத்துப்போகும், அப்புறம் தொட்டி இருந்தும் பிரயோஜனம் இல்லை. அசோசியேஷன் கூட்டத்தில் எழுந்து பேசு. தயங்காதே.

அடுத்து ஷட்டர் தூக்கியதும் போன் பண்ணுகிறேன். உங்கள் செக்ரட்டரியையும் கூட்டிக்கொண்டு வா. பாலத்தில் நின்று அவரும் பார்க்கட்டும்.

உன் நண்பன்