விதையை ஊறவைக்கச் சொல்லும் முன்

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற இதழில் சீனித்துளசி (ஸ்டீவியா என்ற இனிப்பு இலைச் செடி) பற்றிய கட்டுரையில், விதையைக் கோல்சிசின் கரைசலில் ஊறவைத்து நட்டால் இலை பெருக்கும், விவசாயிகளும் முயன்று பார்க்கலாம் என்று போகிறபோக்கில் ஒரு வரி இருந்தது. படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. கோல்சிசின் செங்காந்தளில் இருக்கும் நஞ்சு என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. எங்கள் கல்லல் பக்கம் மழைக்காலத்தில் வேலியோரம் அது பூத்துக் கிடக்கும், ஆடு மாட்டை அங்கே அண்டவிட மாட்டோம். அப்படிப்பட்டதை அளவு சொல்லாமல், கையுறை சொல்லாமல், மிச்சக் கரைசலை எங்கே கொட்டுவது என்றும் சொல்லாமல் எப்படி அச்சிட்டீர்கள்? குழந்தைகள் ஓடியாடும் வீட்டு முற்றத்தில்தானே ஐயா எங்கள் விதையெல்லாம் ஊறுகிறது!

ஆராய்ச்சி வேண்டாம் என்று சொல்லவில்லை, எனக்குத்தான் அது அதிகம் வேண்டும். சீனித்துளசி பராகுவே நாட்டுச் செடி, பகல் குறுகினால் பூத்துவிடும். காரைக்குடிப் பக்கம் கோடையில்கூடப் பகல் பதின்மூன்று மணி நேரத்தைத் தொடுவதில்லை, அதனால் இலை பிடிக்கும் முன்பே மொட்டு வந்துவிடுகிறது, பூத்துவிட்டால் இனிப்பும் குறைகிறது. தாமதமாகப் பூக்கும் ரகம் கிடைத்தால் கும்பிட்டு வாங்குவேன். ஆனால் கோல்சிசின் செடியின் செல்லில் மரபணுக்களைத் தாங்கும் 22 குரோமோசோமை 44 ஆக்குவது ஊறிய எல்லா விதையிலும் நடப்பதில்லை, பல முளைக்காமலே போகும், சில அரைகுறையாக மாறும். புது ரகம் உண்டாக்க விதையில் பயன்படுத்தும் எத்தில் மீத்தேன்சல்ஃபோனேட் போன்ற வேதிப்பொருள்கள் மரபணுவில் எங்கே கை வைக்கும் என்று யாருக்கும் தெரியாது, பெரும்பாலும் கெடுதலாகத்தான் முடியும், புற்றுநோய் அபாயம் வேறு. ஆய்வகத்தில் தலைமுறை தலைமுறையாக வளர்த்துக் கழித்து, தேறிய ஒன்றிரண்டைத் தண்டுக்குச்சி வைத்துப் பெருக்குவார்கள். அந்த உழைப்பைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வார்த்தை இல்லையே.

இது முதல் தடவையும் இல்லை. முன்பு உங்கள் இதழில் இதே பயிருக்கு ஏக்கருக்கு லட்சக்கணக்கில் வருமானம் என்று படித்துத்தான் நாற்று வாங்கினேன். ஐப்பசி மழையில் தண்ணீர் நின்று வேர் அழுகியது, அப்புறம் தப்பிய இலையை எடுப்பதாகச் சொன்ன நிறுவனம் போனையே எடுக்கவில்லை. அப்போதும் உங்களுக்குக் கடிதம் போட்டேன், பதில் இல்லை. சரி, அதை விடுங்கள்.

நான் கேட்பது இவ்வளவுதான். அடுத்த இதழில், கோல்சிசினை யாரும் வீட்டில் கையாள வேண்டாம் என்று கண்ணில் படும் இடத்தில் நாலு வரி போடுங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர், கல்லல்