அப்பாவைத் தேவேந்திரமுனை சேர்த்தவர்களுக்கு

இலங்கையின் தென்முனையான தேவேந்திரமுனைக்கு அப்பாவைக் காரில் கூட்டிப்போன பயணத்தில் முதல் நன்றி, கொஸ்லந்தை தாண்டித் தியலும அருவிக்குக் கொஞ்சம் முன்னால் விடியற்காலையிலேயே கடை திறந்துகொண்டிருந்த அண்ணனுக்கு. அப்புத்தளையில் இருந்து வெல்லவாய வரை ஒரே இறக்கம், நான் மடையன் மாதிரி பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்ததில் சக்கரத்தில் புகை, பெடல் பஞ்சு மாதிரி அமுங்குகிறது. தண்ணீர் ஊற்றப் போன என் கையைப் பிடித்து நிறுத்தியவர் அவர்தான். சூட்டில் ஊற்றினால் இரும்பு வெடிச்சுரும் தம்பி, அரை மணி நேரம் ஆறட்டும், அப்புறம் ரெண்டாம் கியர்லயே இறக்குங்க என்றார். பிளேன்டீக்குக்கூட காசு வாங்கவில்லை.

காரைத் தந்த பக்கத்து வீட்டுத் தம்பிக்கு இந்தப் புகைக் கதை இப்போதுதான் தெரியும். மன்னிச்சிரு தம்பி.

அப்பா தோட்டப் பாடசாலையில் 31 வருசம் வரலாறு படிப்பித்தவர். இலங்கையின் ஐந்து ஈச்சரங்களில், அதாவது பழைய சிவன் கோயில்களில், கேதீச்சரம், கோணேச்சரம், முன்னேச்சரம், நகுலேச்சரம் நாலும் பார்த்துவிட்டார், தெற்கே தொண்டேச்சரம் மட்டும் பாக்கி. 1588இல் போர்த்துக்கேயர் இடித்த கோயில், அங்கே பார்க்க என்ன இருக்கு என்று நான்தான் பல வருசம் தட்டிக்கழித்தேன். தொண்டேச்சரம் இருந்த தேவேந்திரமுனையில் இப்போது விஷ்ணு தேவாலயம் இருக்கிறது. அங்கிருந்து மேட்டில் இருக்கும் பழைய கல் மண்டபத்துக்கு அப்பாவால் நடக்க முடியாது என்று பார்த்ததுமே புரிந்துகொண்டு, தன் ஆட்டோவில் ஏற்றிப்போய்க் கைத்தாங்கலாக இறக்கிவிட்ட அந்தச் சிங்கள அண்ணனுக்கு என் அரைகுறைச் சிங்களத்தில் ஒழுங்காக நன்றி சொல்ல வரவில்லை. 49 மீட்டர் வெளிச்சவீட்டை நான் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்க, அப்பா அந்த ஆட்டோ அண்ணனுக்கே தமிழில் பாடம் நடத்திக்கொண்டிருந்தார்: 1409ஆம் ஆண்டுக் கல்வெட்டு, சீனத் தளபதி செங் ஹெ கொண்டுவந்தது, சீனத்தில் புத்தருக்கு, பாரசீகத்தில் அல்லாவுக்கு, தமிழில் இந்த ஊர்த் தேனவரை நாயனாருக்குக் காணிக்கை. அந்த நாயனார் விஷ்ணுதான் என்பார்கள், அப்படியென்றால் ஈச்சரம் எப்படி என்று நான் கேட்டது என் தப்பு. மாத்தறை வரும்வரை பதில் ஓடியது, கோட்டை வாசலைக் காரில் இருந்தே பார்த்தோம்.

காலியில், அந்தக் கல்வெட்டுக் கல் கிடைத்த ஊரைப் பார்க்கிறேன் என்று வெயிலில் நடந்து, கோட்டைக்குள் ஒரு வீட்டு வாசலிலேயே அப்பா உட்கார்ந்துவிட்டார். கல்லே கொழும்பு அருங்காட்சியகத்தில் இருக்கு, ஊரைச் சுத்தி என்ன செய்ய! கதவைத் திறந்த உம்மா ஒரு கேள்வியும் கேட்காமல் உள்ளே படுக்க வைத்து, மோர் கொடுத்து, சுனாமியன்று இந்தக் கோட்டை மதில்தான் தங்களைக் காப்பாற்றியது என்று சொல்லிக்கொண்டே விசிறினார். கிளம்பும்போது ஒரு பெட்டி நிறைய வட்டிலப்பம் வேறு.

உம்மா, அந்தப் பெட்டி எங்களிடம்தான் இருக்கிறது. காலிப் பெட்டியைக் காலிக்கு அனுப்பக்கூடாது என்று அப்பா சொல்லிவிட்டார், அம்மா தேயிலைத் தூள் நிரப்பி வைத்திருக்கிறார். அந்தப் பக்கம் யாராவது போகிறீர்களா?