அந்த 23 நொடிகள்

உனக்கு,

இன்றோடு ஓராண்டு. எதற்கு என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்த மாலைக்குப் பிறகு நம் படுக்கையறையில் எவ்வளவோ மாறிவிட்டது, நாம் பேசுவது மட்டும் மாறவில்லை. குறட்டை என்ற சொல் வந்தாலே உனக்கு அடுக்களையில் ஏதாவது வேலை வந்துவிடுகிறது. அதனால்தான் எழுதுகிறேன். கையில் கொடுத்தால் பாதி படித்து மடித்து வைத்துவிடுவாய். நாலு பேர் படிக்கிறார்கள் என்றால் கடைசி வரி வரைக்கும் படிப்பாய்.

உன் சம்மதத்தைக் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன் என்பதை அந்த நாலு பேருக்காகச் சொல்லிவிடுகிறேன். "பெயர் மட்டும் வரக் கூடாது" என்றாய். வராது. தெரிந்தவர்கள் ஊகித்தால் ஊகிக்கட்டும்.

அந்த மாலைக்கு நான் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டேன் என்று நீ சொல்லக்கூடும். "விளையாட்டுக்குத்தானே" என்று தொடங்குவது மன்னிப்பாகுமா?

கூடம் நிறைய ஆட்கள். யாரோ தன் வீட்டுக்காரரின் குறட்டையைப் பற்றிச் சொல்லிச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தார். எனக்கும் சிரிக்க வைக்க ஆசை வந்தது. "இதைக் கேளுங்கள்" என்று போனை எடுத்தேன். நீ அப்போதுதான் தண்ணீர்ச் சொம்போடு உள்ளே வந்தாய். நான்கு நிமிடப் பதிவு. முதலில் ரம்பம் இழுப்பது போல ஒரு சத்தம், அது ஏறிக்கொண்டே போய் உச்சத்தில் சட்டென்று அறுந்துவிடும். பிறகு ஒன்றுமே இல்லை. அந்த ஒன்றுமில்லாததற்கு நடுவில் என் குரல், தூக்கக் கலக்கத்தில், "அப்பாடா" என்கிறது. அதற்குத்தான் கூடமே அதிர்ந்தது. அப்புறம் நீ திணறி, தொண்டையைக் கிழித்துக்கொண்டு மூச்சை இழுக்கும் சத்தம். அதற்கும் சிரித்தார்கள்.

நீயும் சிரித்தாய். சிரித்துக்கொண்டே சொம்பை மேசைமேல் வைத்தாய். கொஞ்சம் தண்ணீர் சிந்தியது, அதை முந்தானையால் துடைத்தாய். துடைத்து முடித்த பிறகும் துடைத்துக்கொண்டிருந்தாய்.

நான் பார்த்தேன். பார்த்தும் நிறுத்தவில்லை. பதிவு இன்னும் ஒரு நிமிடம் ஓடியது.

ஆனால் ஒன்று கேட்கிறேன், நான் எதற்காக அதைப் பதிவு செய்தேன்? மூன்று ஆண்டுகளாக "நான் எங்கே குறட்டை விடுகிறேன், நீங்கள்தான் கனவு காண்கிறீர்கள்" என்று சொல்லிக்கொண்டிருந்தாயே, அதற்காக. வீடு முழுக்கக் கேட்கும் சத்தம் விடுகிறவரின் காதில் மட்டும் விழுவதில்லை. நான் பொய் சொல்கிறேன் என்று நீ என் அக்காவிடம்கூடச் சொன்னாய். சாட்சி வேண்டியிருந்தது எனக்கு. சாட்சியை உன்னிடம் மட்டும் காட்டியிருக்க வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சாட்சி தேவைப்படும் இடத்துக்கு என்னைத் தள்ளியது யார்?

பார், மன்னிப்புக் கேட்க வந்து எங்கே போய்விட்டேன்.

என் மூன்று ஆண்டுகளையும் யாராவது கேட்க வேண்டாமா? காதில் பஞ்சு, பிறகு நுரைத் தக்கை. கீச்சுச் சத்தத்தைத்தான் அந்தத் தக்கை நன்றாகத் தடுக்கும். உன்னுடைய அடித்தொண்டை முழக்கம் அதையும் தாண்டி வந்து, போதாததற்குத் தலையணை வழியாகவும் வந்தது. மல்லாந்து படுத்தால் நாக்கும் அண்ணத்தின் பின்பகுதியும் தொண்டைப் பக்கம் சரிந்து வழியைக் குறுக்கிவிடும், ஒருக்களித்துப் படுத்தால் குறையும் என்று எங்கோ படித்துவிட்டு, உன் இரவுச் சட்டையின் முதுகில் டென்னிஸ் பந்தை வைத்துத் தைத்தேனே, நினைவிருக்கிறதா? மூன்றாம் நாள் இரவு இரண்டு மணிக்கு நீ அதைப் பிய்த்து எறிந்தாய். இருட்டில் அவ்வளவு துல்லியமாக என் நெற்றியில் பட்டது தற்செயல் என்று இன்றுவரை நான் நம்பவில்லை. அன்று இருவரும் விடியும்வரை சிரித்தோம். அந்தச் சிரிப்புக்காக இன்னொரு பந்தைக்கூடத் தைப்பேன்.

நீ பகலெல்லாம் சோர்ந்து கிடந்ததை மட்டும் நான் இதோடு சேர்த்துப் பார்க்கவே இல்லை. காலையில் தலைவலி, மாலையில் உட்கார்ந்த இடத்தில் தூக்கம். முதலில் பார்த்த மருத்துவர் ரத்தப் பரிசோதனை எழுதினார், சத்து மாத்திரை எழுதினார். குறட்டை உண்டா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அது ஏதோ தொந்தி விழுந்த ஆண்களின் சமாச்சாரம் என்ற நினைப்பு அவருக்கும் இருந்தது, எனக்கும் இருந்தது. மாதவிலக்கு நின்ற பிறகு பெண்களுக்கு இந்தச் சிக்கல் கூடுகிறது என்பதும், அவர்களிடம் அது பெரும்பாலும் சோர்வாகவும் தலைவலியாகவும்தான் முகம் காட்டுகிறது என்பதும் பிறகுதான் தெரிந்தது. நீயோ பெண் குறட்டை விடலாமா என்ற வெட்கத்தில் வாயே திறக்கவில்லை. அந்த வெட்கத்துக்குக் கூடம் நிறைய ஆட்களைச் சேர்த்துக் கொடுத்தவன் நான்.

இரண்டாவது மருத்துவர் உன்னிடம் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். "பக்கத்தில் படுப்பவர் சொல்லுங்கள்." நான் போனை எடுத்தேன். நீ சன்னல் பக்கம் பார்த்துக்கொண்டாய். அதே பதிவு, அதே ரம்பம், அதே அமைதி, அதே "அப்பாடா". அவர் சிரிக்கவில்லை. மணிக்கட்டைத் திருப்பிக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நீ திணறி மூச்சை இழுத்ததும், "23 நொடி" என்றார். "தூக்கத்தில் மூச்சு 10 நொடி நின்றாலே நாங்கள் கணக்கில் சேர்ப்போம்."

அன்று நீ காரில் எதுவும் பேசவில்லை. நானும் பேசவில்லை. நான் வழி முழுக்க ஒன்றிலிருந்து இருபத்துமூன்று வரை மனதுக்குள் எண்ணிக்கொண்டே வந்தேன். எண்ணிப் பார், எவ்வளவு நீளம் என்று தெரியும்.

தூக்கப் பரிசோதனையின் முடிவு வந்தபோது, மூச்சு அடைபடுவது மணிக்கு 34 தடவை என்றிருந்தது. 30ஐத் தாண்டினால் கடுமையானது. ஏழு மணி நேரத் தூக்கத்துக்குக் கணக்குப் போட்டேன், 238. இரவுக்கு இருநூற்றுச் சொச்சம் தடவை உன் தொண்டை அடைத்து, மூளை பதறி உன்னை அரைகுறையாக எழுப்பிவிட்டிருக்கிறது. அத்தனை தடவையும் நான் பக்கத்திலேயே படுத்துக்கொண்டு, சனியன் ஓய்ந்தது, இப்போதாவது தூங்கலாம் என்று நினைத்திருக்கிறேன். உனக்கு மூச்சு நின்ற நேரம்தான் எனக்கு நிம்மதியான நேரம். இதை உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை என்பதற்காகவே இந்த ஓராண்டும் மற்ற எல்லாவற்றுக்கும் உன்னோடு சண்டை போட்டேன் என்று நினைக்கிறேன்.

அப்புறம் அந்த இயந்திரம், தூங்கும்போது முகமூடி வழியாகக் காற்றை ஊதுவது. 1981இல் சிட்னியில் காலின் சல்லிவன் என்ற மருத்துவர் இதைப் பற்றி முதன்முதலில் எழுதினார், ஆரம்பத்தில் தூசு உறிஞ்சும் இயந்திரத்தின் மோட்டாரைத் திருப்பிப் போட்டுக் காற்றை ஊதச் செய்தார் என்று உனக்கு உற்சாகமாகப் படித்துக் காட்டினேன். காற்றின் அழுத்தமே முட்டுக்கொடுத்துத் தொண்டையைத் திறந்து வைக்கும், அவ்வளவுதான் விஷயம் என்றேன். "அப்படியானால் நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள்" என்றாய். மூக்கில் முகமூடி, கன்னத்தில் பட்டைத் தழும்பு, நெஞ்சுவரை தொங்கும் குழாய். என் பக்கம் திரும்பிப் படுப்பதையே நீ விட்டுவிட்டாய். இதற்கு மேல் இங்கே எழுத மாட்டேன். உனக்குப் புரியும்.

ஆனால் நடு இரவில் அதைக் கழற்றி வைத்துவிடுகிறாயே, அதை எழுதுவேன். எத்தனை மணி நேரம் போட்டிருந்தாய் என்று இயந்திரமே குறித்து வைக்கிறது. பத்து இரவில் ஏழு இரவாவது நான்கு மணி நேரம் போட்டிருக்க வேண்டும் என்பது மருத்துவர்கள் வைத்திருக்கும் குறைந்தபட்ச அளவு. உன் கணக்கு அதற்கு அருகில்கூட இல்லை. காலையில் நீ குளிக்கப் போனதும் நான் அதை எடுத்துப் பார்க்கிறேன் என்பது உனக்குத் தெரியும். "என் மூச்சுக்கும் கணக்கெழுதுகிறீர்களா?" என்று கேட்டாய். ஆமாம், எழுதுகிறேன். எழுதாமல் இருந்த ஆண்டுகளில் என்ன ஆயிற்று? உன் ரத்த அழுத்தம் ஏறிக்கொண்டே போன காரணம் இதுதான் என்று மருத்துவர் சொல்ல நீயும் கேட்டாய், நானும் கேட்டேன். அதற்குப் பிறகும் பட்டை இறுக்குகிறது, காற்று கசிகிறது என்று இரண்டு மணிக்குக் கழற்றி வைத்தால் எனக்குக் கோபம் வராதா? கழற்றியதும் ரம்பம். ரம்பம் நின்றதும் நான் எண்ணத் தொடங்கிவிடுகிறேன். முன்பு சத்தத்தில் தூக்கம் போனது, இப்போது அமைதியில் போகிறது.

சொல்லாத ஒன்று இருக்கிறது. சென்ற வாரம் சிக்னலில் நின்றபோது அப்படியே கண்ணயர்ந்துவிட்டேன். பின்னால் இருந்தவர் ஹாரன் அடித்துத்தான் விழித்தேன். அன்று மாலை நீ "ஏன் முகம் ஒரு மாதிரி இருக்கிறது?" என்று கேட்டபோது அலுவலகத்தின் மேல் பழியைப் போட்டேன்.

அதனால் இன்று இரவிலிருந்து நான் அடுத்த அறையில் படுக்கிறேன். தனித்தனி அறையா என்று கேட்பவர்களுக்கு நீ பதில் சொல்ல வேண்டாம், நான் சொல்லிக்கொள்கிறேன். கோபித்துக்கொண்டு போகவில்லை. கோபமே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். கதவு இரண்டும் திறந்திருக்கும். காலையில் கணக்கை நான் பார்க்க மாட்டேன். நீயே பார்த்து, சொல்லத் தோன்றினால் சொல்.

புது அளவு முகமூடிக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். அது வரும்வரை பழையதுதான். அதைக் கழுவிக் காய வைத்திருக்கிறேன், இடப்பக்கக் கொக்கி மட்டும் தளர்ந்திருக்கிறது, இரண்டு தடவை அழுத்து.

அந்தப் பதிவை அழித்துவிட்டேன் என்று உன்னிடம் சொன்னேன். அழிக்கவில்லை. போன் மேசைமேல் இருக்கிறது. நீயே அழித்துவிடு. அழிப்பதற்கு முன் கேட்கத் தோன்றினால், அந்த அமைதி வரும் இடத்தில் நிறுத்திவிடு. அங்கே என் குரல் இருக்கிறது.