விரல் நுனி போன கிதார்க்காரர்

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2025 ஜூலை 22 அன்று இங்கிலாந்து ராக் பாடகர் ஆஸி ஆஸ்பர்ன் காலமானபோது வந்த செய்திகளைத் தேடித் தேடிப் படித்தேன். மேடையில் வௌவாலைக் கடித்தவர் என்பதற்குத்தான் முதல் இடம். 1982இல் அது நடந்தது உண்மைதான், சரி. ஆனால் அவருடைய பிளாக் சபாத் குழு இந்த உலகத்துக்குக் கொடுத்த ஓசையைப் பற்றி யாராவது நாலு வரி எழுதியிருக்க வேண்டாமா?

இங்கிலாந்தின் பர்மிங்காம் நம் கோவை மாதிரி பட்டறை ஊர். குழுவின் நால்வரும் அங்கே ஆஸ்டன் பகுதிப் பையன்கள். கார் ஹாரன் தயாரிக்கும் இடத்தில் ஹாரன்களுக்குச் சத்தம் சரிபார்க்கும் வேலை செய்தவர் ஆஸி. கிதார் வாசித்த டோனி அயோமி தகடு வேலைக்குப் போனவர். 17 வயதில், வேலையை விட்டு நிற்கவிருந்த அன்றே, பிரஸ்ஸில் அவருடைய வலது கை நடுவிரல், மோதிர விரல் நுனிகள் போய்விட்டன. இடது கைப் பழக்கம் உள்ளவர் என்பதால் தந்தியை அழுத்த வேண்டியது அந்த வலது கைதான். மனம் விட்டுப்போயிருந்தவருக்கு பட்டறை மேனேஜர் ஒரு இசைத்தட்டைப் போட்டுக் காட்டினார். தீ விபத்தில் இரண்டு விரல் முடங்கிய பிறகும் கிதாரில் பேர் வாங்கிய ஜாங்கோ ரெய்ன்ஹார்ட் வாசித்தது அது.

அப்புறம் அயோமி பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி, விரலுக்குத் தகுந்தபடி உறை செய்து, மேலே பழைய ஜாக்கெட்டின் தோலை ஒட்டிக்கொண்டார். தடித்த தந்தி வலித்ததால் மெல்லிய தந்தி மாட்டினார். 1971இல் வந்த மூன்றாவது ஆல்பத்தில் பல பாட்டுகளுக்கு ஒன்றரைக் கட்டை சுருதி இறக்கித் தந்தியைத் தளர்த்தினார். இறக்கிய சுருதியின் கனம் அவருக்குப் பிடித்தும் இருந்தது. காயம் மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஹெவி மெட்டல் என்ற கனத்த ராக் இசை இன்றைக்கும் அந்தக் கனத்தின் மேல்தான் நிற்கிறது.

என்னோடு வேலை பார்த்தவர் ஒருவர், மார்கழி பஜனைக்கு டோலக் வாசித்தவர், பவர் பிரஸ்ஸில் ஆள்காட்டி விரல் நுனி போனதோடு வாசிப்பை விட்டுவிட்டார். அவரிடம் அயோமி கதையைச் சொன்னேன். பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. எந்த பிளாஸ்டிக், எப்படி உருக்கினார், வியர்த்தால் நழுவாதா, தோலை எதில் ஒட்டினார் என்றே கேட்டுக்கொண்டிருந்தார்.

பர்மிங்காம்காரர்கள் அவர்களைக் கொண்டாடுகிறார்கள். 2019இல் ஒரு பாலத்துக்குக் குழுவின் பெயரை வைத்தார்கள். 2023இல் அந்த ஊர் ராயல் பாலே நடனக் குழு இந்தப் பாட்டுகளுக்கு ஆடியது. ஆஸி இறப்பதற்கு 17 நாள் முன்பு, ஜூலை 5 அன்று, வில்லா பார்க் மைதானத்தில் நால்வரும் கடைசியாகச் சேர்ந்து வாசித்தார்கள்.

ஞாயிறு இணைப்பில் ஒரு பக்கம் ஒதுக்கி, இசை தெரிந்த ஒருவரை வைத்து அயோமியைப் பற்றி விரிவாக எழுதச் சொல்லுங்கள். விரல் உறையின் படத்தையும் போட்டால் நல்லது. கணபதி, பீளமேடு பட்டறைகளில் டீ நேரத்தில் பேப்பர் படிக்கிறவர்கள் நிறையப் பேர்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற லேத் டர்னர்,
கணபதி, கோவை - 6.